காந்தம் ஒட்டும் என் 304 அண்டா: ஏழு வருஷம் ஆச்சு

போன வாரம் பக்கத்து லயத்துத் தம்பி கேட்டார்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே அண்டா இப்ப 380 வெள்ளிக்குப் போடுறான். வாங்கலாமா?" நான் வாங்கியது 520 வெள்ளிக்கு. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

40 லிட்டர், 304 என்கிற ரக எவர்சில்வர், ஒட்டு இல்லாமல் ஒரே தகட்டை அச்சில் இழுத்துச் செய்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் சின்னதாகச் சமையல் ஆர்டர் எடுக்கிறவன். கோயில் அன்னதானம், சடங்கு, கருமாதி எல்லாவற்றுக்கும் இந்த அண்டாதான் போகும். சமைப்பதில் பெரிய குறை சொல்ல மாட்டேன். என் உயிரை எடுப்பது காந்தம்.

வாங்கிய மாதமே ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்தது. செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சாவிக்கொத்திலிருந்த காந்தத்தை அண்டாவின் விளிம்பில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. "தம்பி, 304-ல காந்தம் ஒட்டாது. உன்னை நல்லா ஏமாத்திட்டான்." பந்தி முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் காந்தத்தோடு வந்து நிற்பார். ஒரு தடவை அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கே போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் அண்டாவைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவில் காந்தத்தை வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. ஏதோ கண்கட்டு வித்தை என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்து அண்டா முழுக்கத் தடவிப் பார்த்தேன். அடி நடுவில் ஒட்டவே இல்லை. அடி வளைந்து சுவராக எழும் இடத்தில் லேசான இழுப்பு. பாதிச் சுவரில் மெல்ல வழுக்கி இறங்கியது. விளிம்பில் மட்டும் நகத்தால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. எப்போதும் காந்தம் பிடிக்கிற, மட்டமான 430 ரக எவர்சில்வராக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரே தகட்டில் இது எப்படி?

ஆலைக்கு வந்த ஒரு இன்ஸ்பெக்டர்தான் விளக்கினார். 304 உருகிக் குளிர்ந்து தகடாக வரும்போது அதன் அணு அடுக்குக்கு ஆஸ்டனைட் என்று பெயர். ஒரு சின்னப் பெட்டியின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் இருக்கும். அதைக் காந்தம் தொடாது. ஆனால் அந்த அடுக்கு அவ்வளவு உறுதியானது இல்லை. இழுத்தால், அடித்தால், நசுக்கினால் அங்கங்கே மார்ட்டன்சைட்டாக மாறிவிடும். அதில் அணுக்கள் மூலைகளிலும் பெட்டியின் நட்ட நடுவிலும் நிற்கும். அதைக் காந்தம் பிடிக்கும். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் இடம் மாற்றிக்கொள்ளாமல், கங்காணி போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் ஒன்றாக ஒரு பக்கம் நகர்ந்தால் எப்படியோ, அப்படி. ஒரு அணுவும் ஊர்ந்து எங்கேயும் போவதில்லை, வரிசை மட்டும் சாய்கிறது. அண்டாவை அச்சில் இழுக்கும்போது அடித்தட்டு சும்மா இருக்கும். விளிம்புதான் பெரிய வட்டமாக இருந்து சின்ன வட்டமாகச் சுருங்கி, படாத பாடு படும். காந்தம் எனக்குக் காட்டியது அந்தப் பாட்டைத்தான்.

அவரிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருந்தது. எக்ஸ்ரே அடித்து உலோகத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். குரோமியம் 18.2, நிக்கல் 8.1 சதவீதம். அசல் 304தான், ஆனால் நிக்கல் கீழ் வரம்பை ஒட்டியது. நிக்கல் விலை அதிகம், போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிற அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். நிக்கல் குறையக் குறைய மார்ட்டன்சைட்டாக மாறுவது சுலபம். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்ட 201 ரகத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. அதாவது மட்டமான சரக்கு அந்தப் பெரியவரின் சோதனையில் பாஸாகிவிடலாம், என்னுடைய அசல் சரக்கு ஃபெயிலாகிவிடும்!

சரி, இதில் நல்லதும் உண்டு. மூன்றாம் வருஷம் லாரியிலிருந்து அண்டாவும் ஒரு அலுமினியப் பானையும் சேர்ந்து விழுந்தன. அலுமினியத்தின் வாய் முட்டை வடிவமாகிவிட்டது. அண்டாவில் உள்ளங்கை அளவு நசுங்கல், அவ்வளவுதான். அந்த நசுங்கலில் காந்தத்தை வைத்தேன், சுற்றியுள்ள சுவரைவிட அங்கே அழுத்தமாகப் பிடித்தது. அடிபட்ட இடம் உடனே மார்ட்டன்சைட்டாகிக் கெட்டியாகும், அடியைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிடும், அதனால் ஒரே இடத்தில் மெலிந்து கிழியாது. குளிரில் இந்த மாற்றம் இன்னும் அதிகமாக நடக்குமாம். சாதா இரும்பு கடுங்குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும், இது நொறுங்காது. சரவாக்கின் பிந்துலுவில் இருந்து கப்பலில் போகிற, குளிர வைத்துத் திரவமாக்கிய இயற்கை வாயு −162 டிகிரியில் இருக்கும். அதை ஏற்றுகிற கப்பல்களில் ஒரு வகைக்கு உள்சுவரே 304எல் (கரி குறைந்த 304) தகடுதான், கனம் வெறும் 1.2 மில்லிமீட்டர். சாம்பார் அண்டாவுக்குக் கப்பலில் சொந்தக்காரன் இருக்கிறான் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

ஆனால் சூட்டில் இவர் வேறு ஆள். எவர்சில்வர் சூட்டைக் கடத்தும் அளவு 16 என்றால் அலுமினியத்துக்கு 200-க்கு மேல். அடுப்பு வளையம் இருக்கும் இடத்தில் மட்டும் வெங்காயம் வட்டமாகக் கருகும். உப்பையும் கொதி வந்த பிறகுதான் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அது அடியில் தங்கினால் ஊசி குத்தின மாதிரி குழி விழும். எனக்கு நாலு குழி இருக்கிறது.

இப்போது ரிப்பேர் கதை. போன மாதம் சாம்பாரோடு தூக்கும்போது ஒரு கைப்பிடி பிய்ந்துவிட்டது (காலில் கொட்டவில்லை, முருகன் புண்ணியம்). சாயங்காலத்தில் வீட்டில் வெல்டிங் செய்யும் ஒருவர் ஆர்கன் வாயு வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஆசைக்குக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் பிடிப்பே இல்லை! வெல்டிங் சூட்டில் மார்ட்டன்சைட் மறுபடி ஆஸ்டனைட்டாகத் திரும்பிவிட்டது. ஒட்டின் மேல் மட்டும் லேசாகப் பிடித்தது. ஒட்டு சூட்டில் விரிசல் விடாமல் இருக்க, வெல்டிங் கம்பியிலேயே கொஞ்சம் ஃபெரைட் (காந்தம் பிடிக்கிற இன்னொரு அணு அடுக்கு) வருகிற மாதிரி செய்கிறார்களாம். அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாரத்தில் அதே இடத்தில் பழுப்புக் கோடுகள். துரு! உற்றுப் பார்த்தால் கோடுகள் எல்லாம் பிரஷ் போன திசையிலேயே ஓடின. இரும்பு கேட்டைத் தேய்த்த அதே கம்பி பிரஷ்ஷால் இதையும் தேய்த்திருக்கிறார். இரும்புத் துகள் ஒட்டித் துருப்பிடித்திருக்கிறது. போதாததற்கு வெல்டிங்கில் வந்த நீலமும் மஞ்சளுமான படலத்தை அமிலப் பசை போட்டு எடுக்கவே இல்லை. அதன் அடியில் குரோமியம் குறைந்து கிடக்கும், துருவுக்கு அதுவே வாசல். சிட்ரிக் ஆசிட் கரைத்து இரண்டு நாள் தேய்த்தேன். ஒரு கோடு இன்னும் போகவில்லை. தினமும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

தம்பிக்கு "வாங்காதே" என்று பதில் போட்டேன். காந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும், வெங்காயம் கருகும், 380 வெள்ளிக்கு இரண்டு அலுமினியப் பானை வாங்கலாம். "அப்படின்னா உங்களோடதை எனக்கே கொடுத்திடுங்கண்ணே, 200 வெள்ளி தர்றேன்" என்று எழுதியிருக்கிறார்.

இன்னும் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு சாம்பார் வைக்க வேண்டும்.