தாது உப்பு என்று சுண்ணாம்புத் தூளை விற்றார்கள்

கன்று வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். என் கிடாரிக் கன்று மூன்று மாதமாகத் தேறாமல் கிடந்தது, நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பையால்தான்.

ஐப்பசியில் எங்கள் ஊருக்கு ஒரு வேன் வந்தது. கன்றுகளுக்கென்றே தயாரித்த தாது உப்புக் கலவை என்று ஒலிபெருக்கியில் கூவினார்கள். 5 கிலோ பை 700 ரூபாய். பில் கேட்டேன், அடுத்த முறை தருகிறோம் என்றார்கள். பையின் மேல் மாட்டின் படம் மட்டும்தான். எந்தச் சத்து எத்தனை சதவீதம், எப்போது தயாரித்தது, ஒன்றும் அச்சிடவில்லை. அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

அது நோஞ்சான் கன்று அல்ல. பிறந்தபோது 24 கிலோ. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைத் தொடங்கி, முதல் நாளிலேயே எடையில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ இரண்டரை லிட்டர் ஊட்டியிருந்தேன். குடற்புழு மருந்தும் தவறவில்லை. கன்றுத் தீவனத்தில் இந்தத் தூளைக் கலக்கத் தொடங்கிய ஒரு மாதத்தில் சுவரை நக்கியது. பிறகு மண்ணைத் தின்றது. சாக்கின் ஓரத்தை இழுத்து மென்றது. கண்ணைச் சுற்றி ரோமம் வெளுத்து, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் ஆனது. வேன்காரரைப் போனில் கேட்டேன். "அளவைக் கூட்டுங்கள்" என்றார். கூட்டினேன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கால்நடை மருந்தகத்து மருத்துவர் கன்றின் இமையை விலக்கிக் காட்டினார். உட்புறம் வெளிறிக் கிடந்தது. பாலில் இரும்பும் தாமிரமும் மிகக் குறைவு, தீவனத்தில்தான் ஈடுகட்ட வேண்டும் என்றார். என் தூளில் ஒரு பிடியைத் தண்ணீரில் கலக்கினார். அடியில் மணல் தங்கியது. எலுமிச்சைச் சாறு விட்டதும் பொங்கியது. நல்ல கலவையிலும் சுண்ணாம்புக்கல் தூள் ஓரளவு இருக்கும் என்பதால் நுரையை மட்டும் நம்பாமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். சாதாரண சமையல் உப்புச் சேர்க்காத தாதுக் கலவையில் இந்தியத் தர நிர்ணயப்படி பாஸ்பரஸ் குறைந்தது 12 சதவீதம் இருக்க வேண்டும். என் பையில் 1 சதவீதம்கூட இல்லை. கன்று மண் தின்றதற்கு அந்தக் குறைதான் காரணம் என்றார் மருத்துவர்.

இப்போது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தயாரிக்கும் கலவையைக் கொடுக்கிறேன். சுவரை நக்குவது நின்றுவிட்டது. கண்ணோர ரோமம் இன்னும் நிறம் திரும்பவில்லை. வேன்காரரின் போன் அணைந்து கிடக்கிறது. உங்கள் ஊருக்கு இப்படி வேன் வந்தால், முதலில் வண்டி எண்ணைக் குறித்து மருந்தகத்தில் சொல்லுங்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.