பி.11சி மாடல் கிட்: 1/72 வாங்குவதா, 1/32 வாங்குவதா?

போலந்தின் பி.இசட்.எல். பி.11சி சண்டை விமானத்தை மாடலாகச் செய்ய விரும்புகிறவருக்கு இன்று தேர்வுக்குப் பஞ்சமில்லை. 1/72 அளவில், அதாவது அசலை 72 மடங்கு சுருக்கிய அளவில், ஆர்மா ஹாபி, ஐ.பி.ஜி. ஆகிய இரண்டு போலந்து நிறுவனங்களும் கிட் போட்டிருக்கின்றன. 1/48 அளவில் மிராஜ் ஹாபியின் பழைய கிட் உண்டு. 1/32 அளவில் ஐ.பி.ஜி.யின் பெரிய பெட்டி வந்திருக்கிறது. நான் வாங்கிச் செய்து முடித்தது ஆர்மா ஹாபியின் 1/72. பெரிய பெட்டியை நண்பர் ஒருவர் செய்தபோது கூடவே உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆகையால் அதன் பாகங்கள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1/48-ஐ நான் தொட்டதே இல்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

விலையும் இடமும் சொல்லாமலே விளங்கும். அசல் விமானத்தின் இறக்கை வீச்சு 10.72 மீட்டர், அது 1/72-இல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டராகவும் 1/32-இல் 33 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும் வரும். முன்னது புத்தக அலமாரியின் ஓரத்தில் அடங்கிவிடும், பின்னதற்குத் தனித்தட்டு ஒதுக்க வேண்டும்.

பெரிய அளவுக்குச் சாதகமான வாதம் ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பி.11சி எதையும் மூடி மறைக்காத விமானம். விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. முகப்பில் மெர்க்குரி எஞ்சினின் ஒன்பது சிலிண்டர்களும் வளையத்துக்குள் அப்படியே தெரியும். முந்தைய வகையில் விமானியின் முன்பார்வையை எஞ்சின் மறைத்ததால், சி வகையில் எஞ்சினைச் சற்றுக் கீழே இறக்கி, இருக்கையை உயர்த்தினார்கள். அதனால் எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு உள்ளிருப்பது எல்லாமே படும். எஞ்சினுக்கு ஒயர் இழுத்து, கருவிப் பலகையின் ஒவ்வொரு முள்ளுக்கும் வண்ணம் தீட்டி மகிழ்பவருக்கு 1/32 தரும் நிறைவைச் சிறியது தராது.

ஆனால் என் தேர்வை முடிவு செய்தது எஞ்சின் அல்ல, இறக்கையின் தோல். ஜிக்மண்ட் புவாவ்ஸ்கி வடிவமைத்த அந்தக் கடற்புறா வளைவு இறக்கையை நெளி ஓட்டங்கள் கொண்ட மெல்லிய டியூராலுமினியத் தகடால் போர்த்தியிருந்தார்கள். வால் பகுதியிலும் அதே வரிகள்தாம். (புவாவ்ஸ்கி 1931 மார்ச்சில் தம் வேறொரு விமானத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார், பி.11 முதன்முதலாகப் பறந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்.) உடற்பகுதியின் மூட்டில் புட்டி பூசி உப்புத்தாளால் தேய்க்கலாம். இறக்கையில் அது நடக்காது, ஏனென்றால் ஒருமுறை தேய்ந்த வரியை மீண்டும் எழுப்ப வழியில்லை. எந்த அளவு வாங்கினாலும் இந்தத் தொல்லை உண்டு. அளவைப் பொறுத்து மாறுவது அந்த வரிகளின் மேல் வண்ணமும் டீக்கலும் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படலம்) எப்படி உட்காருகின்றன என்பதுதான்.

முதலில் வண்ணம். நம் பூச்சின் தடிமன் மாடலின் அளவுக்கு ஏற்பச் சுருங்குவதில்லை. ஒரு பூச்சு 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 1/72-இல் அசல் விமானத்தின் மீது 3.6 மில்லிமீட்டர் பூசியதற்கும் 1/32-இல் 1.6 மில்லிமீட்டர் பூசியதற்கும் சமம். இந்தக் கணக்கில் பெரியதே வெல்கிறது. சிறிய இறக்கையில் தூரிகையால் கெட்டியாக இரண்டு கை இழுத்தால் வரிகள் மூழ்கிவிடும். ஆனால் இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது: பிரைமரையும் காக்கியையும் நன்றாக நீர்க்கவிட்டு, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்ததைக் கொடுத்தால் 1/72-இலும் வரிகள் பிழைக்கும்.

டீக்கலுக்கு அந்த மருந்து செல்லாது, அதை நீர்க்கவிட முடியாதே. போலந்து விமானப் படையின் சிவப்பு வெள்ளைச் சதுரங்கக் குறி இறக்கையின் மேற்புறத்தில் நேராக அந்த வரிகள் மீதே அமர்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் டீக்கல் படலம் இறங்கியாக வேண்டும். இறங்காத இடத்தில் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மினுங்கும். 1/72-இல் பள்ளம் ஆழமில்லை, குறியும் சிறியது. பளபளப்பு வார்னிஷ் அடித்த இறக்கையில் டீக்கலை நகர்த்தி வைத்து, சாஃப்ட்னர் (டீக்கலை இளக்கும் திரவம்) தொட்டபோது அது முதலில் சுருங்கி நெளிந்து பயமுறுத்தியது. கை வைக்காமல் விட்டுவிட்டேன், காய்ந்ததும் வரிவரியாகப் படிந்திருந்தது. இரண்டொரு இடத்தில் மட்டும் ஊசி முனையால் குத்தி இன்னொரு சொட்டு விட வேண்டியிருந்தது. 1/32-இல் அதே குறியின் பரப்பு ஐந்து மடங்கு, பள்ளமும் ஆழம். நண்பர் அதே சாஃப்ட்னரோடு ஒரு மாலை முழுவதும் போராடியும் வெள்ளை மினுக்கம் முழுதாகப் போகவில்லை. மாஸ்க் ஒட்டிக் குறியை வண்ணத்திலேயே தீட்டலாமே என்றால், டேப்பின் அடியில் அந்தப் பள்ளங்கள் வழியாகவே வண்ணம் கசிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1939-இல் மேலிறக்கையின் சதுரங்கக் குறிகளைச் சமச்சீராக வைக்கவில்லை. இடப்புறமும் வலப்புறமும் இறக்கை நுனியிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருந்தன. இருபுறமும் ஒன்றுபோல் அளந்து ஒட்டினால் தவறாகிவிடும் என்பதால், வழிகாட்டித் தாளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒட்ட வேண்டியிருக்கிறது.

1/72 என்று முடிவானால் ஆர்மா ஹாபியின் எக்ஸ்பர்ட் செட்டை வாங்குங்கள். ஜூனியர் செட் மலிவானது. ஆனால் அதில் எக்ஸ்பர்ட் செட்டின் உலோகத் தகட்டு நுண்பாகங்கள் இல்லை. மூடிய விமானமாக இருந்தால் அதை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். கூரையில்லாத இதில், இருக்கை மீது கிடக்கும் வார்ப்பட்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. நுண்பாகங்களை ஒட்ட நல்ல இடுக்கியும் சூப்பர் குளூவும் தேவை.

ஏர்பிரஷ் (வண்ணத்தைக் காற்றழுத்தத்தால் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவரும், எஞ்சின் வேலையில்தான் மனம் தோய்பவரும், சதுரங்கக் குறிக்காக இரண்டு மூன்று மாலைகள் செலவிடத் தயங்காதவரும் 1/32-க்குப் போகலாம். அப்படிப் போகிறவர் கிராக்கோவ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் 8.63 எண் விமானத்தின் படங்களைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது. உலகில் எஞ்சியிருக்கும் ஒரே பி.11சி அதுதான், வரிகளையும் எஞ்சின் வளையத்தையும் அசலில் பார்க்க வேறு இடமில்லை. தூரிகையை மட்டும் நம்பி, வண்ணத்தை நீர்க்கவிட்டுப் பூசுகிறவர் 1/72-ஐயே வாங்கலாம் என்பது என் எண்ணம்.