எக்ஸ்டென்ஷன் பாக்ஸா, ஸ்பைக் பஸ்டரா, சுவரில் புதுப் பாயிண்ட்டா?

பாளையங்கோட்டை பக்கம் பழைய வீட்டுக்குக் குடிபோனால் முதலில் வாங்குவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். அறைக்கு ஒரே பிளக் பாயிண்ட் என்றால் வேறென்ன செய்ய? சரி, வாங்கலாம். எதை, எதற்கு என்பதுதான் கேள்வி.

சாதா பாக்ஸ் விலை குறைவு. செல்போன் சார்ஜர், மோடம், டேபிள் ஃபேனுக்குத் தாராளமாகப் போதும். கடை அண்ணாச்சியிடம் எத்தனை சாக்கெட் என்று கேட்பதைவிட, வயர் என்ன தடிமன் என்று கேளுங்கள். 0.75 சதுர மி.மீ. என்றால் சின்னச் சாமான்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோயில் கொடைக்கு லைட் போடுகிறவர்கள் வைத்திருக்கும் உருளை மாடல் வீட்டில் இருந்தால், வயரை முழுசாக உருவிவிட்டே பயன்படுத்துங்கள். சுற்றியபடியே லோடு ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை இளகிவிடும்.

டிவி, கம்ப்யூட்டருக்கு என் ஓட்டு ஸ்பைக் பஸ்டருக்குத்தான். மின்னழுத்தம் திடீரென எகிறினால் உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்னப் பாகம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் தேயும், காலத்துக்கும் காப்பாற்றாது. ஐப்பசி இடிமின்னலுக்கு அதை நம்பாதீர்கள், பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

ஸ்பைக் பஸ்டர் விலை கூட என்பதால் அதிக லோடு தாங்கும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. 6 ஆம்பியர் பாக்ஸ் என்றால் 230 வோல்ட்டில் மொத்தமே 1380 வாட். அயர்ன் பாக்ஸ் மட்டும் 1000 வாட் எடுக்கும். கூடவே 1500 வாட் கெட்டிலைச் சொருகினால் கணக்கு எங்கேயோ போய்விடும். ஹீட்டர், ஏசி பிளக்கின் மூன்று கால்களும் தடிமனாக இருப்பதே 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையக் கூடாது என்பதற்குத்தான். அதைக் கன்வெர்ட்டர் போட்டு நுழைக்கிறோமே, அந்தச் சின்னச் சாமான்தான் முதலில் பழுப்பேறும், அப்புறம் கருகும்.

ஹீட்டர், ஏசி, இண்டக்ஷன் அடுப்புக்கு ஒரே வழி சுவரில் தனி 16 ஆம்பியர் பாயிண்ட். சாமானின் வாட்டுக்கேற்ற செம்பு வயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானாகவே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். ஒருநாள் வேலை, கொஞ்சம் சுவரைக் கொத்தணும், செலவும் கூடத்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பாக்ஸைக் காயவைத்து இன்னும் ஓட்டுகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். உள்ளே சேறும் துருவும் காய்ந்து ஒட்டியிருக்கும். புதியதைத் தரையில் போடாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள்.

வாடகை வீடா? பாயிண்ட்டுக்கு வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை அயர்ன் பாக்ஸை நேராகச் சுவர் பாயிண்ட்டிலேயே சொருகுங்கள்.