சாம்பிள் பாக்கெட்டை நம்பி மோசம் போனேன்

நான் பரிந்துரைத்த பிஸ்கட்டை யாராவது வாங்கி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எனக்குச் சீலியாக் நோய். கோதுமை போன்ற சில தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். இதற்கு மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுளுக்கும் ஒதுக்குவதுதான் வைத்தியம். என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று, குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பொருட்களைச் சாப்பிட்டுப் பார்த்து எழுதி வருகிறேன். அதனால் நிறுவனங்கள் அவ்வப்போது சாம்பிள் அனுப்பும்.

இந்த முறை வந்தது மூன்று பாக்கெட் பிஸ்கட். வெறும் வெள்ளை உறை, மேலே ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஒரு ஸ்டிக்கர். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை, பேட்ச் எண் இல்லை. கேட்டேன். “உறை இன்னும் அச்சாகி வரலை மேடம், லேப் ரிப்போர்ட் அனுப்பறேன்” என்றார் பேசியவர். ரிப்போர்ட்டும் வந்தது. முத்திரை, கையெழுத்து, ‘5 பிபிஎம்முக்கும் குறைவு’ (பத்து லட்சத்தில் ஐந்து பங்குகூட குளூட்டன் இல்லை) என்ற முடிவு. அதைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. ரிப்போர்ட்டின் முதல் வரியைப் படிக்கத் தோன்றவில்லை.

நாலு பிஸ்கட் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் நாலு, அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. “நல்ல மொறுமொறுப்பு, எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, தைரியமாக வாங்கலாம்” என்று எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா செய்தி அனுப்பினார். அவருடைய குழந்தைக்கும் சீலியாக். “அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன். குழந்தை ராத்திரி பூரா வாந்தி.” நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? “வேறு ஏதாவது சாப்பிட்டிருப்பான், எனக்கு ஒன்றும் ஆகலையே.” போட்டதோடு நிற்காமல், அன்று சாயங்காலமே இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் நானும் வாந்தி. அடுத்த நாலு நாள் வாய்ப்புண், அசதி, எதை எங்கே வைத்தேன் என்று தெரியாத மந்தம்.

அதன் பிறகுதான் அந்த அம்மாவிடம் கடையில் வாங்கிய பாக்கெட்டின் படம் கேட்டேன். பின்பக்கம், மடிப்புக்குக் கீழே, எறும்பு சைஸில் ஒரு வரி: கோதுமைப் பொருட்கள் தயாராகும் அதே இயந்திரத்தில் தயாரிக்கப்பட்டது. எனக்கு வந்த வெள்ளை உறையில் இது இல்லை. ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். ‘மாதிரி: அரிசி மாவு.’ பிஸ்கட்டை அவர்கள் சோதிக்கவே இல்லை. மூட்டையிலிருந்த மாவைச் சோதித்துவிட்டு, கோதுமை பிஸ்கட் ஓடும் இயந்திரத்தில் அதைச் சுட்டிருக்கிறார்கள்.

நிறுவனத்திடம் கேட்டபோது பதில் மாறிக்கொண்டே போனது. வேறு யாரும் புகார் சொல்லவில்லை என்றார்கள். பிறகு, இயந்திரத்தை நன்றாகக் கழுவித்தான் ஓட்டுகிறோம் என்றார்கள். பிறகு, இன்னொரு பெட்டி அனுப்பட்டுமா என்றார்கள்! கடைசியில், இதைப் பற்றி எதுவும் எழுதாமல் இருந்தால் நல்லது என்றார்கள்.

அவர்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அவர்கள் பொய்யை என் வயிற்றை வைத்து உறுதிப்படுத்திக் கொடுத்தது நான்தானே. கலப்படம் ஒரே சீராக இருக்காது. கோதுமை பிஸ்கட் ஓடி முடிந்தவுடன் வரும் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும், நூறு பாக்கெட் தள்ளி வருவதில் இல்லாமலும் போகலாம். அதைவிட முக்கியமானது, சீலியாக் உள்ள பலருக்குக் குடல் கெட்டுக்கொண்டிருந்தாலும் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ஒருமுறை தவறிச் சாப்பிட்டதற்கு ரத்தத்தில் ஆன்டிபாடி (இந்த நோயில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) அளவு ஏறாமலே இருக்கலாம், அதனால் அந்தச் சோதனை சரியாக வந்தாலும் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று எத்தனை பொருளுக்கு எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அளவு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்ல, சர்வதேச உணவுத் தர விதிகளான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு 20 பிபிஎம், அதாவது ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டன். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. அந்த அளவுக்கே குடலின் உறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் நீட்சிகள், சிதைந்தன. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியென்றால் 50 மில்லிகிராமுக்கு அரை கிராம் மாவு போதும். சரியாகத் துடைக்காத ஒரு தட்டில் அதைவிட அதிகம் ஒட்டியிருக்கும்.

இப்போது சாம்பிளை வாயில் வைப்பதில்லை. படிப்பவர் எந்த அலமாரியிலிருந்து எடுப்பாரோ அங்கிருந்தே நானும் வாங்குகிறேன். ரிப்போர்ட் தந்தால், சோதித்தது சுட்ட பொருளையா மாவையா, எந்த பேட்ச், எந்தத் தேதி, எந்த முறை என்று கேட்கிறேன். முறையை ஏன் கேட்க வேண்டும் என்றால், புளிக்க வைத்த பொருட்களில் குளூட்டன் துண்டு துண்டாக உடைந்திருக்கும், ஆய்வகங்கள் குளூட்டனைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் வழக்கமான எலைசா சோதனையில் அது சரியாகச் சிக்காது. வீட்டில் சோதிக்கும் பட்டைகளுக்கும் இதே குறைதான். போதாததற்கு, நீங்கள் கிள்ளிப் போட்ட துணுக்கில் இருப்பதை மட்டும்தான் அவை சொல்லும். ‘கோதுமை இல்லாதது’ என்று போட்டிருந்தால் இன்னும் உஷாராகிறேன், பார்லி மால்ட் அதற்குள் தாராளமாக ஒளிந்துகொள்ளும். ஓட்ஸ் என்றால், கோதுமை கலந்துவிடாதபடி தனியாக விளைவித்து, தனியாக அரைத்ததா என்று கேட்காமல் விடுவதில்லை.

பதில் வரவில்லையா, நான் சாப்பிடுவதில்லை. “சாப்பிடவில்லை, காரணம் இது” என்று எழுதிவிடுகிறேன். ருசி எப்படி என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு என் கணவர் இருக்கிறார். அவருக்குச் சீலியாக் இல்லை, பிஸ்கட் என்றால் உயிர்.

நிறுவனத்தின் பெயரைப் போடச் சிலர் சொல்கிறார்கள். போடவில்லை. என்னிடம் ஒரு ரிப்போர்ட்டும் ஒரு படமும் இருக்கிறதே தவிர, அந்த பிஸ்கட்டைச் சோதித்த முடிவு இல்லை. எங்கள் இருவருக்கும் வந்த வாந்திக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க என்னால் முடியாது. வாங்கியவர்களுக்கு எது என்று தெரியும். பேட்ச் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், அதோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறேன்.

பழைய விமர்சனத்தை எடுத்துவிட்டேன். இன்னும் நாலு பொருட்களுக்கும் வெறும் சாம்பிளை நம்பித்தான் எழுதியிருக்கிறேன். அவற்றையும் எடுத்தாயிற்று. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லக்கா” என்றார். குழந்தை இப்போது பிஸ்கட் பாக்கெட்டைக் கண்டாலே அழுகிறானாம்.