ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

அமெரிக்காவின் தொடக்ககால அதிபர்கள் எழுதிய கடிதங்களைப் படிக்க ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தைத்தான் சில ஆண்டுகளாக நம்பியிருக்கிறேன். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013இல் தொடங்கியது. வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் ஆகிய முதல் நான்கு அதிபர்களோடு ஃபிராங்க்ளின், ஹாமில்டன், ஜான் ஜே கடிதங்களும் உண்டு. எல்லாம் இலவசம்.

சொல்லைப் போட்டுத் தேடுவதைவிட, எழுதியவர் பெயரையும் தேதியையும் கொடுத்து வரிசையாகப் படிப்பதில்தான் ருசி. 1795 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுடன் ஜான் ஜே செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் செனட் 20க்கு 10 என்று ஏற்றிருந்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வாக்குகூட மிச்சமில்லை. ரகசியமாக இருந்த ஒப்பந்தம் பத்திரிகைக்குக் கசிந்ததும் ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள். பாஸ்டன்காரர்களுக்கு வாஷிங்டன் ஜூலை 28 அன்று பதில் எழுதுகிறார். ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை அரசியல் சட்டம் செனட்டின் ஒப்புதலோடு அதிபருக்குத்தான் தந்திருக்கிறது என்கிறார். பிடி கொடுக்கவில்லை, ஆனால் மரியாதை குறையவில்லை. மறுநாள் தன் முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனுக்கு எழுதியதைத் திறந்தால் ஆளே வேறு! வெறிநாயைக் கண்டு கத்துவதுபோல ஒப்பந்தத்தை எதிர்த்துக் கத்துகிறார்கள் என்று பொருமுகிறார்.

பாஸ்டனுக்கு எழுதிய பதிலையே அச்சாக வைத்து மற்ற ஊர்களுக்கும் அனுப்பினார். சில மனுக்கள் மரியாதையில்லாமல் இருந்ததால் பதில் தரவில்லை என்று குறித்தும் வைத்தார். இந்த மாதிரி விவரங்களைக் கோத்துத் தருவது பதிப்பாசிரியர்களின் அடிக்குறிப்புகள். என்னைக் கேட்டால், தளத்தின் பாதி மதிப்பு அவற்றில்தான்.

ஆடம்ஸ் ஆட்சிக்கு வரும்போது அது புரியும். 1798இல் பிரான்ஸோடு உரசல் முற்றியபோது ஊர்களிலிருந்து வந்த ஆதரவு மடல்களுக்கு அவர் சளைக்காமல் பதில் எழுதினார். ஆனால் அவருடைய ஆட்சிக்காலக் கடிதங்கள் பலவும் ‘எர்லி ஆக்சஸ்’ முத்திரையோடு, குறிப்பு ஏதுமில்லாத எழுத்துப்படிகளாகவே கிடைக்கின்றன. ஒரு நல்ல வரலாற்று நூல் பக்கத்தில் இருக்கட்டும். வாஷிங்டன், ஜெஃபர்சன் கையெழுத்தையே பார்க்க விரும்பினால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துக்குப் போக வேண்டும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை, 1804இல் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெய்லும் அப்போது அதிபராக இருந்த ஜெஃபர்சனும் எழுதிக்கொண்டவை. அரசை விமர்சித்தவர்களைச் சிறைக்கு அனுப்பிய 1798ஆம் ஆண்டு ராஜத்துரோகச் சட்டம் செல்லாதது, அதனால்தான் அவர்களை விடுவித்தேன் என்கிறார் ஜெஃபர்சன். ஓர் அதிபர் தன் இஷ்டத்துக்குச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று அபிகெய்ல் மடக்குகிறார். கணவருக்குத் தெரியாமல் நடந்த விவாதம் இது. நவம்பரில் மனைவி கேட்டுக்கொண்டதால் எல்லாவற்றையும் படித்த ஜான் ஆடம்ஸ், இப்போதைக்குச் சொல்ல எதுவுமில்லை என்று எழுதி வைத்தார். எழுதியவர் அபிகெய்ல், பெறுநர் ஜெஃபர்சன், ஆண்டு 1804 என்று கொடுத்தால் அவர் பக்கத்துக் கடிதங்கள் வந்துவிடும். அப்புறம் பெயர்களை மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.