செயற்கைக்கோள் படமா, ரேடார் படமா? புயலைப் பார்க்க எது?

புயல் செய்தி வந்துவிட்டால் இரண்டு வகைப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கும். ஒன்று, வெண்மேகம் சுருண்டு கிடக்கும் செயற்கைக்கோள் படம். மற்றொன்று, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும் ரேடார் படம். இரண்டும் மழையைத்தான் காட்டுகின்றன என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

வானிலைக்காக நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் சில செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றுவதால், ஒரே பரப்பை அவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். 1960 ஏப்ரலில் டைராஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறும்வரை, நடுக்கடலில் பிறக்கும் புயலைக் கண்டுசொல்லக் கப்பல்களையும் தீவுகளையும் விமானங்களையும்தான் நம்பியிருந்தார்கள். கடல் முழுவதையும் கண்காணிப்பதில் செயற்கைக்கோளை ரேடார் நெருங்கவே முடியாது.

ஆனால் செயற்கைக்கோளின் கண்ணுக்குப் படுவது மேகத்தின் உச்சி. இரவிலும் கிடைக்கும் அகச்சிவப்புப் படம் உண்மையில் வெப்பநிலைப் படம். குளிர்ந்த உச்சி வெள்ளையாகத் தெரியும். இடிமேகத்தின் தலையிலிருந்து வெகுதூரம் பரவும் பனிப்படிக மேகமும் பளிச்சென்றுதான் இருக்கும், அதன் கீழே ஒரு சொட்டு விழாது. தாழ்வான மேகமோ மங்கலாகத் தெரிந்தபடியே மழையைக் கொடுத்துவிடும். வெள்ளையைக் கண்டதும் கனமழை என்று முடிவுகட்டுவது தவறு.

ரேடார் நேராக மழைத்துளிகளைத் தேடுகிறது. அது அனுப்பும் நுண்ணலை துளிகளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத் தூரம் தெரிகிறது. டாப்ளர் ரேடாராக இருந்தால், அலையின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு காற்று நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதும் தெரியும். குறுக்கே வீசும் காற்றின் வேகம் மட்டும் அதற்குப் பிடிபடாது.

சிவப்புத் திட்டைக் கண்டு பதறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு காட்டுவது எதிரொலியின், அதாவது துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின், வலிமையை; அந்த வலிமை துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் எதிரொலி 64 மடங்கு! எனவே சில பெரிய துளிகளும், ஆலங்கட்டியும், உண்மையில் பெய்வதைவிட மழையை அதிகமாகக் காட்டிவிடும். தொலைவு கூடக்கூட வேறொரு சிக்கல். பூமி வளைந்திருப்பதால், அரை டிகிரி சாய்வில் கிளம்பும் ரேடார் அலைக்கற்றை 200 கி.மீ. தள்ளிப் போகும்போது தரையிலிருந்து சுமார் 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்வது ரேடாருக்குத் தெரியாது. மலை மறைத்தாலும் இதே கதைதான்.

கரையிலிருந்து வெகுதொலைவில் புயல் இருக்கும்வரை என் ஓட்டு செயற்கைக்கோளுக்கே. கரையை நெருங்கிவிட்டால் ரேடாரைப் பாருங்கள். உச்சி மேகம் புயலின் கண்ணை மூடியிருந்தாலும், அதைச் சுற்றிய மழை வளையத்தை ரேடார் காட்டிக்கொடுக்கும். மாலை நேர இடிமழைக்கோ யோசிக்கவே வேண்டாம், ரேடார்தான்: தனி இடிமேகம் ஒன்று தோன்றி அடங்க ஒரு மணி நேரம்கூட ஆகாமல் போகலாம்.

எந்தப் படமானாலும் முதலில் ஓரத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். பல படங்களில் அது உலகப் பொது நேரமாக இருக்கும்; உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகு, அடுத்தடுத்த நான்கைந்து படங்களை வரிசையாக ஓடவிட்டு, மழைத்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.