இரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தச் செயலி? எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தவை

என் மகளுக்கு இப்போது இரண்டு வயது எட்டு மாதம். மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் தினமும் பாலம் தாண்டி, தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் போய் வருகிறேன். பகலில் பிள்ளையை என் அத்தை, அதாவது மாமியார், பார்த்துக்கொள்கிறார். மாலையில் அத்தை குளித்து விளக்கேற்றிவிட்டுப் பிள்ளையோடு உட்காரும்போது நான் அடுப்படியில் நிற்பேன். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் வீட்டில் திரை நேரம். போனைக் கொடுக்கவே கூடாது என்று சில வாரம் முயன்றோம், நடக்கவில்லை. சரி, கொடுப்பதென்றால் எதைக் கொடுப்பது என்று நான்கு மாதமாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. அதனால் இன்னும் இரண்டு வயது முடியாத பிள்ளைக்குச் செயலி தேடுகிறவர்கள், காணொலி அழைப்பைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கும் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

எங்கள் தேடலில் முதல் இடம் தமிழுக்கு. மின்தூக்கியில் ஹொக்கியன் சீனம், கீழே திடலில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று மற்ற மொழிகள் தாமாகவே பிள்ளையின் காதில் விழுகின்றன. தமிழை மட்டும் நாங்கள்தான் கொண்டுவர வேண்டும். 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர் பேசுவது புரியாமல் நிற்கக் கூடாது என்ற கவலை எனக்கு நிறையவே உண்டு. ஆகவே முதலில் இறக்கியது, யாரும் செய்வதுபோல, தமிழ் எழுத்துச் செயலிகளைத்தான்.

இலவசத் தமிழ் எழுத்துச் செயலிகள்

நான் பார்த்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. அ அம்மா, ஆ ஆடு, இ இலை என்று படத்தைத் தொட்டால் குரல் வரும். முதல் இரண்டு நாள் மகள் ஆசையாகத் தொட்டாள். மூன்றாம் நாள் படத்தைப் பார்க்காமலே அடுத்தது, அடுத்தது என்று தள்ள ஆரம்பித்துவிட்டாள். எதைத் தொட்டாலும் நடப்பது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு குறைகளை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, படங்கள். உ என்றால் உரல், ஒ என்றால் ஒட்டகம், ஔ என்றால் ஔவையார். பிறையில் வளரும் பிள்ளை உரலை எங்கே பார்த்திருக்கும்? பார்க்காத பொருளின் பெயரை, படிக்கத் தெரியாத எழுத்தோடு சேர்த்துக் காட்டினால் இரண்டுமே மனத்தில் ஒட்டாது. சில செயலிகளில் குரல் இயந்திரக் குரல்; ழ, ள, ல மூன்றும் ஒன்றுபோலக் கேட்கின்றன. இந்த வயதில் எழுத்தைவிட ஒலிதான் பெரிது. 247 எழுத்தையும் பிறகு பள்ளியில் படித்துக்கொள்ளலாம், தப்பான ழகரத்தைக் காதில் ஏற்றிவிட்டால் அதைத் திருத்துவது கடினம்.

இன்னொன்று விளம்பரம். ஒரு நாள் ஈ எழுத்து முடிந்ததும் துப்பாக்கி விளையாட்டு விளம்பரம் திரை முழுக்க வந்து நின்றது. மூடும் பொத்தான் கடுகளவு. மகள் நடுவில் தட்டினாள், அந்த விளையாட்டை இறக்கும் பக்கம் திறந்தது. அத்தைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போனோடு அடுப்படிக்கு ஓடி வந்தார். இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று சிறு பிள்ளைகள் பயன்படுத்தும் 135 செயலிகளை ஆராய்ந்து 2018இல் சொன்னது: 95 விழுக்காட்டுச் செயலிகளில் ஏதோ ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொடுத்தால் பல செயலிகளில் விளம்பரம் வராது. இலவசச் செயலிதான் வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்.

யூடியூப் கிட்ஸில் தமிழ்ப் பாட்டு

தமிழ்க் குழந்தைப் பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. சென்னையில் 2013இல் தொடங்கிய சூச்சூ டிவி தமிழிலும் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் பரிந்துரை எல்லாம் ஆங்கிலமாகிவிடும். அமைப்பில் போய், பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படி வைக்கலாம். தேடலை மூடலாம், தானாக ஓடுவதை நிறுத்தலாம், நேரக் கணக்கும் வைக்கலாம். நான்கையும் செய்த பிறகுதான் இது ஓரளவு நிம்மதி தந்தது. அப்படியும் பிள்ளைக்கு அதில் வேலை எதுவும் இல்லை. வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இப்போது போனைக் கவிழ்த்து வைத்துப் பாட்டை மட்டும் ஓட விடுகிறோம். அத்தையும் கூடவே பாடுகிறார்.

கான் அகாடமி கிட்ஸும் போக் போக்கும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

கான் அகாடமி கிட்ஸ் 2018இல் வந்தது. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, சந்தாவும் கிடையாது. இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரை என்று வைத்திருக்கிறார்கள். கோடி என்ற கரடி வழிநடத்துகிறது. எழுத்து, எண், கதைப் புத்தகம், வண்ணம் தீட்டுதல் என்று ஒரு பாலர் பள்ளியே உள்ளே இருக்கிறது. காசு வாங்காமல் இவ்வளவு தரமாகச் செய்திருப்பதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டால் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போகும் வழியில் இணையம் இல்லாமலும் படிக்கலாம்.

எங்களுக்கு இடித்தது வேறு இடத்தில். கோடி பேசிக்கொண்டே இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். "இதை இழுத்து அங்கே வை" என்று அது சொல்லும்போது அத்தைக்குப் புரியாது. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு எழுந்து போய்விட்டார். பிள்ளை தனியாகவே தட்டிக்கொண்டிருந்தாள். முடித்தால் தொப்பி, பொம்மை என்று பரிசு வரும். பரிசு வந்ததா என்பதில்தான் அவள் கண். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது வேறு மாதிரி அமையும். ஆங்கிலக் கதையைக் கேட்டு அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும். அந்த வயதில் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

போக் போக், கனடாவின் டொரான்டோவில் செய்யப்பட்டது. 2021இல் ஆப்பிள் வடிவமைப்பு விருது வாங்கியது. சந்தா கட்ட வேண்டும், அதுதான் இதன் பெரிய குறை. ஆனால் இதில் ஒரு சொல்கூட இல்லை. நிலை இல்லை, மதிப்பெண் இல்லை, பரிசும் இல்லை. ஒரு வீடு இருக்கிறது, ஓர் ஊர் இருக்கிறது, கட்டைகள் இருக்கின்றன, தட்டினால் எரிந்து அணையும் விசைகள் இருக்கின்றன. தப்பாகத் தொட்டாலும் தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பேச்சே இல்லாத செயலி மொழிக்கு எப்படி உதவும் என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். செயலி பேசாததால் அத்தை பேச ஆரம்பித்தார். "ஐயோ, விளக்கு அணைஞ்சு போச்சே. யார் அணைச்சா?" என்பார். "பாப்பா!" என்பாள் இவள். "அந்த அக்கா கதவைத் திறக்கிறாங்க பாரு, உள்ளே யார் இருக்கா?" என்று தொடரும். செயலி விட்டிருந்த இடத்தைத் தமிழ் வந்து நிரப்பிக்கொண்டது. ஒரு வாரம் கழித்து வீட்டில் காத்தாடி (மின்விசிறி) நின்றபோது மகள் சொன்னாள்: "காத்தாடி அணைஞ்சு போச்சு!" வினைச்சொல் தப்புதான். ஆனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை இந்தத் தப்பைச் செய்யாது. விளக்குக்குக் கேட்ட சொல்லை எடுத்து அவளே காத்தாடிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். எழுத்துச் செயலியோடு இருந்த ஆறு வாரத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இதற்கு ஆய்விலும் அடிப்படை உண்டு. பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் வெளியிட்டது அது. அமெரிக்காவில் ஆங்கிலம் கேட்டு வளரும் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் பேசிக் காட்டினார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடியபடி பேசியதைக் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவே இல்லை. அது கைக்குழந்தைகளை வைத்துச் செய்தது. என் மகள் அதைவிடப் பெரியவள். ஆனாலும் அதைப் படித்த பிறகு, தமிழ் பேசும் திரையைத் தேடுவதை விட்டுவிட்டேன். எங்களைத் தமிழில் பேச வைக்கும் திரை எது என்று பார்க்கத் தொடங்கினேன்.

போக் போக்குக்கு மாற்றாக சாகோ மினியையும் பார்த்தோம். அதுவும் டொரான்டோதான், அதுவும் சந்தாதான். பூனை, நாய் என்று கதாபாத்திரங்கள் இருக்கின்றன, படிக்க வேண்டிய எழுத்து இல்லை. என் மகளுக்கு இதில் சிரிப்பு அதிகம், நின்று பார்ப்பது குறைவு. கொஞ்சம் துறுதுறு என்று இருக்கும் பிள்ளைக்கு இதுவே பொருந்தலாம்.

காசு கட்ட வேண்டாமென்றால்

சந்தா எல்லா வீட்டுக்கும் சரிவராது, அது எனக்கு நன்றாகத் தெரியும். போனிலேயே இருக்கும் படத்தொகுப்பும் இந்த வேலையைச் செய்கிறது. நாற்பது படம் தேர்ந்தெடுத்துத் தனித் தொகுப்பாக வைத்தேன். பட்டர்வொர்த் படகுத்துறை, தாவரவியல் பூங்காக் குரங்கு, தைப்பூசத்தில் ஏந்திய பால்குடம், தாத்தா ரம்புத்தான் உரித்த படம், அத்தையின் செருப்பு. ப படகு, கு குரங்கு என்று எழுத்து சொல்லித்தரவில்லை, "இது யார் செருப்பு? ஏன் ஒன்னு மட்டும் இருக்கு?" என்று கேட்கிறோம். விளம்பரம் வராது, படம் நாற்பதோடு முடிந்துவிடும். முடிகிறது என்பதே பெரிய நிம்மதி, பிடுங்கி வாங்க வேண்டியதில்லை.

காணொலி அழைப்பு

என் அம்மா சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் வாட்ஸாப்பில் அழைப்பார். இதைச் செயலிகளோடு வைத்து ஒப்பிடலாமா என்றால், ஒப்பிடத்தான் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றபோது, காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2014இல் வந்த ஓர் ஆய்வில், 24 முதல் 30 மாதப் பிள்ளைகள் காணொலி அழைப்பில் வந்தவரிடமிருந்து புது வினைச்சொற்களை நேரில் கற்பதுபோலவே கற்றன. முன்பே பதிவு செய்த காணொலியிலிருந்து கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் பிள்ளை சொன்னதற்குப் பதில் சொல்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

சும்மா "சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போறியா" என்று கேட்டால் பிள்ளை ஓடிவிடும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கூடையிலிருந்து கத்திரிக்காயை எடுத்துப் பாதி மட்டும் காட்டுவார். "பாட்டி கையில என்ன?" இவள் இங்கே சமையலறைக்கு ஓடி எங்கள் கத்திரிக்காயைத் தேடி எடுத்து வந்து காட்டுவாள். ஒரு மாதத்தில் காய்கறிப் பெயர் பதினைந்து வந்துவிட்டது, முருங்கைக்காய் உட்பட. ழகரம் என் அம்மாவின் வாயிலிருந்தே வருகிறது.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் நான்கு நாள் மாலையில் அழைப்பு, இரண்டு நாள் போக் போக், ஒரு நாள் படத்தொகுப்பு. கான் அகாடமி கிட்ஸை அழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார யாருமே இல்லாத நாளில் அதைத்தான் கொடுக்கிறேன். தனியாக விட்டாலும் விளம்பரம் வந்து பிள்ளையை எங்கும் இழுத்துப் போகாது. எழுத்துச் செயலிகள் மூன்றையும் எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருக்கப் பாட்டியோ தாத்தாவோ இல்லை, இருவருமே தாமதமாக வீடு திரும்புகிறீர்கள் என்றால், உங்களுக்குச் சந்தாவைவிட கான் அகாடமிதான் சரி. பேசாத செயலியோடு பேச ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பொம்மைதான், அதற்கு மாதாமாதம் காசு கட்டத் தேவையில்லை.

கடைசியாக இரண்டு விஷயம். எந்தச் செயலியானாலும் கொடுப்பதற்கு முன் நீங்கள் கால் மணி நேரம் விளையாடிப் பாருங்கள். இரண்டு வயதுக் கைக்குத் தட்டுவது எளிது, ஒன்றை இழுத்துச் சரியான இடத்தில் வைப்பது கடினம்; இழுக்கும் வேலையாகவே இருந்தால் பிள்ளை எரிச்சலாகி அழும். பிறகு திரையைப் பூட்டிக் கொடுங்கள். ஐபோனில் கைடட் அக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் என்று இருக்கிறது. போட்டுவிட்டால் அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. அத்தைக்கு இதை ஒரு முறை செய்து காட்டினேன், இப்போது அவரே பூட்டிக் கொடுக்கிறார். சந்தா வகையில் இலவசச் சோதனை எடுத்தால், முடியும் தேதியை அன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வேண்டாமென்றால் அதற்கு ஒரு நாளாவது முன்பே ரத்து செய்ய வேண்டும், செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது.